காலிப் பெயர்ப்பலகைகள்: நிலத்தைச் சொல்லும் சிறார் படநூல்கள் குறித்து

தமிழ்நாட்டைப் பற்றிய சிறார் படநூல் எதையாவது எடுத்து, அதில் தூத்துக்குடி எப்படி வருகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் ஒரு திறந்த சிப்பி இருக்கும். அதன் நடுவில், கோலிக்குண்டு அளவில் வெள்ளையாக ஒரு முத்து. பக்கத்தில் ஒரு படகு, ஒரு தென்னை. ஊர் அவ்வளவுதான். ஸ்டேஷனரி கடையில் விற்கும் மாவட்ட சார்ட்டிலும் இதே சிப்பிதான். சென்னையிலிருந்து போகும் ரயிலுக்கும் முத்துநகர் எக்ஸ்பிரஸ் என்றுதான் பெயர்.

தூத்துக்குடிக் கரையில் அரசு நடத்திய கடைசி முத்துக்குளிப்பு 1961-இல் முடிந்தது. சிப்பி விளையும் கடலடித் திட்டுகளை அங்கே ‘பார்’ என்பார்கள். தொலையாயிரம் பார் என்று ஒன்று உண்டு, பெயரே ஒரு கதை மாதிரி இருக்கும். அந்தப் பார்களில் மறுபடி குளித்தெடுக்கும் அளவுக்குச் சிப்பி சேரவில்லை. 1973-இல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் தூத்துக்குடி ஆய்வாளர்கள் சிப்பிக்குள் முத்து வளர்த்துக் காட்டினார்கள். அது ஆய்வின் வெற்றி. கரையின் பிழைப்பாக மாறவில்லை. சங்குக்கு இன்னும் முங்குகிறார்கள். முத்துக்கு முங்குவதில்லை.

ஆக, அறுபது வருடத்துக்கும் மேலாக நடக்காத ஒரு தொழில்தான் இன்றைய குழந்தைக்கு அந்த ஊரின் முகமாகக் காட்டப்படுகிறது. தகவல் பழையது என்று குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. பழைய தகவலை அடுத்த பதிப்பில் திருத்திவிடலாம். சிப்பிக்குப் பதில் ஒரு உப்புக் குவியலைப் போட்டால் தகவல் சரியாகிவிடும், படநூல் அப்படியேதான் இருக்கும். எனக்குச் சிக்கலாகத் தெரிவது, ஒரு நிலத்தை ஒற்றை ஐகானாக்கும் அந்தப் பழக்கம். அது எங்கிருந்து வந்தது, அதைத் தாண்டிய நூல்கள் எப்படித் தாண்டின என்பதைத்தான் இங்கே பார்க்க நினைக்கிறேன்.

*

என் ஊர் ஆத்தூர். தாமிரபரணி கடலில் சேர்வதற்குச் சற்று முன்னால், தூத்துக்குடிக்கும் திருச்செந்தூருக்கும் நடுவில் இருக்கிறது. வெற்றிலைக்குப் பேர்போனது. 2023-இல் ஆத்தூர் வெற்றிலைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஊரைச் சுற்றிக் கொடிக்கால்கள். அகத்தி மரத்தில் கொடி ஏறியிருக்கும், நட்ட நடு வெயிலிலும் உள்ளே நுழைந்தால் மண் குளிர்ந்திருக்கும். கொஞ்சம் கிழக்கே போனால் ஆறு கடலில் கலக்கும் புன்னைக்காயல். பாலத்தைத் தாண்டி வடக்கே போனால் முக்காணி, பழையகாயல், அப்புறம் கண்ணைக் கூசவைக்கும் உப்பளங்கள். தெற்கே திருச்செந்தூரைத் தாண்டி உள்ளே போனால் குதிரைமொழித் தேரி: செக்கச் செவேலென்று மணல் மேடுகள், பனை, முந்திரி. பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்குள் வயல், கழிமுகம், உப்பு, செம்மணல் எல்லாம் வந்துவிடும்.

போன வருடம் சென்னைப் புத்தகக் கண்காட்சியில் ஒரு படநூல் வாங்கி அண்ணன் மகளுக்குக் கொண்டுபோனேன். இரண்டாம் வகுப்புப் படிக்கிறாள். இந்தியாவின் ஒவ்வொரு மாநிலத்துக்கும் எதிரெதிராக இரண்டு பக்கம். நல்ல தாள், நல்ல வண்ணம். தமிழ்நாட்டுப் பக்கத்தில் கோபுரம், நாட்டியமாடும் பெண், நீலமலை ரயில், கீழ்மூலையில் அதே சிப்பி.

“சித்தப்பா, இதுல நம்ம ஊரு எது?”

சிப்பியைக் காட்டினேன்.

“இது கடலுல்லா. நம்ம ஊர்ல கொடிக்காலுல்லா இருக்கு?”

“பக்கத்துல கடல் இருக்குல்ல, அதான்.”

“அப்போ ஆறு எங்க?”

வெற்றிலை கிழித்துக்கொண்டிருந்த ஆச்சி நிமிராமலே சொன்னாள்: “ஆறு இல்லாம என்னத்த ஆத்தூரு.”

அவள் விடவில்லை. “இந்த முத்த யாரு எடுப்பா?”

“இப்ப யாரும் எடுக்கிறதில்ல.”

“பின்ன எதுக்குப் போட்ருக்கு?”

நான் பதில் சொல்வதற்குள் அவள் ராஜஸ்தானின் ஒட்டகத்துக்குப் போய்விட்டாள். ஒட்டகம் அவளுக்குப் பிடித்திருந்தது. ராஜஸ்தானில் அவள் வயதில் இருக்கும் ஒரு பெண்ணும் இதே மாதிரி ‘எங்க ஊர்ல ஒட்டகம் எங்க இருக்கு’ என்று கேட்டுவிட்டு நம் சிப்பியை ரசித்துக்கொண்டிருப்பாள் என்று தோன்றியது. ஒவ்வொரு குழந்தைக்கும் தன் ஊர்ப் பக்கம் மட்டும் பொய்யாகவும் மற்ற பக்கங்கள் எல்லாம் நிஜமாகவும் படுகிற ஒரு புத்தகம்!

*

நாட்டின் பகுதிகளைக் குழந்தைகளுக்குச் சொல்லும் நூல்வகை ஒரு தேவையிலிருந்து பிறந்தது. 1877-இல் பிரான்ஸில் ‘இரு சிறுவர்களின் பிரான்ஸ் பயணம்’ என்ற நூல் வந்தது. ஜி. புருனோ என்ற புனைபெயரில் எழுதியவர் அகஸ்டின் ஃபூய்யே என்ற பெண்மணி. 1871-இல் ஜெர்மனியிடம் பறிபோன லொரேன் பகுதியிலிருந்து இரண்டு அநாதைச் சகோதரர்கள் கிளம்பி, பிரான்ஸ் முழுக்கச் சுற்றுகிறார்கள். எந்த ஊரில் என்ன விளைகிறது, என்ன நெய்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே போகிறார்கள். பக்கத்துக்குப் பக்கம் செதுக்கோவியங்கள். பள்ளிக்கூடங்கள் வழியாக லட்சக்கணக்கில் விற்றது. தோற்ற நாடு தன் குழந்தைகளிடம் ‘இதெல்லாம் நம்முடையது’ என்று எண்ணிக் காட்டிய புத்தகம் அது.

ஸ்வீடனின் ஆசிரியர் சங்கம் இதுபோலவே ஒரு புவியியல் வாசிப்பு நூல் கேட்டு செல்மா லாகர்லாஃபை அணுகியது. 1906, 1907 ஆண்டுகளில் இரண்டு பாகமாக வந்த நில்ஸின் பயணக் கதை அப்படிப் பிறந்ததுதான். கட்டைவிரல் அளவுக்குச் சுருங்கிப்போன பையன் வாத்தின் முதுகில் ஏறி நாடு முழுக்கப் பறக்கிறான். மேலிருந்து பார்க்க, தெற்கு ஸ்வீடனின் வயல்கள் கட்டம் போட்ட துணி மாதிரி தெரிகின்றன. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். வாத்து பறந்துகொண்டே இருப்பதில்லை. ராத்தங்கலுக்கு இறங்குகிறது. இறங்கிய இடத்தில் சேறு, நரி, பசி எல்லாம் இருக்கின்றன. மேலிருந்து பார்க்கும்போது நாடு தெரிகிறது, இறங்கினால் ஊர் தெரிகிறது. லாகர்லாஃப் இரண்டையும் விட்டுக்கொடுக்கவில்லை.

நம்மிடமும் தேவை இருந்தது. 1956-இல் மொழிவாரி மாநிலங்கள் வந்தன. அடுத்த ஆண்டே நேஷனல் புக் டிரஸ்ட் தொடங்கப்பட்டது. சங்கர் சில்ட்ரன்ஸ் புக் டிரஸ்டைத் தொடங்கியதும் அதே 1957-இல்தான். பின்னர் வந்த நேரு பால புஸ்தகாலய வரிசையின் நோக்கம் உயர்ந்தது: காஷ்மீரிலும் கன்னியாகுமரியிலும் இருக்கும் குழந்தைகள் அவரவர் மொழியில் ஒரே புத்தகத்தைப் படிக்க வேண்டும். மிகக் குறைந்த விலையில், வண்ணப் படங்களோடு. அந்த வரிசை இல்லையென்றால் என் தலைமுறையின் சிற்றூர்க் குழந்தைகள் பலர் வண்ணப் படநூலையே பார்த்திருக்க மாட்டோம். அந்த நன்றியோடுதான் அடுத்ததைச் சொல்கிறேன்.

நான்கு வண்ண அச்சில் நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்று நான்கு தட்டுகள். ஒரே படநூலைப் பல மொழிகளில் போடும் பதிப்பகங்கள் செலவைக் குறைக்க ஒரு வழி வைத்திருக்கின்றன. எழுத்தைக் கறுப்புத் தட்டில் மட்டும் வைப்பார்கள். மற்ற மூன்று தட்டுகளும் எல்லா மொழிக்கும் பொது. மொழி மாறும்போது கறுப்புத் தட்டை மட்டும் மாற்றினால் போதும். உலகம் முழுக்க இதுதான் வழக்கம், கெட்டிக்காரத்தனமான வழக்கமும்கூட. ஆனால் இதற்கு ஓவியர் ஒரு விலை கொடுக்க வேண்டும். படத்துக்குள் எழுத்து வரக் கூடாது. கடையை வரையலாம், கடையின் பெயர்ப்பலகை காலியாக இருக்க வேண்டும். பஸ்ஸை வரையலாம், அது எந்த ஊருக்குப் போகிறது என்று எழுதக் கூடாது.

நான் மென்பொருள் வேலையில் இருப்பவன். எங்கள் துறையில் இதற்கு லோக்கலைசேஷன் என்று பெயர். திரையில் தெரியும் சொற்களைத் தனிக் கோப்பில் பிரித்து வைத்துவிடுவோம். மொழிக்கொரு கோப்பு, அடியில் நிரல் மட்டும் ஒன்றே. படத்தில் எழுத்து வைக்கும் டிசைனரை நாங்களும் திட்டுவோம். எந்த ஊருக்கும் பொருந்தும் ஐகான் வேண்டும் என்று கேட்போம். வங்கிச் செயலிக்கு இது சரி. நிலத்தைப் பற்றிய புத்தகத்துக்கு இதே முறையை வைக்கும்போதுதான் இடிக்கிறது. ஏனென்றால் நிலம் பாதிக்குப் பாதி பெயர்களால் ஆனது. பார், தேரி, கொடிக்கால், பாத்தி, காயல். இந்தச் சொற்களைப் பிரித்துத் தனிக் கோப்பில் வைத்துவிட்டால் அடியில் மிஞ்சுவது நீலமாக ஒரு பட்டை, மஞ்சளாக ஒரு பட்டை. அது எந்தக் கடற்கரைக்கும் பொருந்தும்.

இன்றைய டிஜிட்டல் உலகம் இந்தப் பிரிவை இன்னும் சுலபமாக்கிவிட்டது. பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் படமும் எழுத்தும் தனித்தனி அடுக்கு. யார் வேண்டுமானாலும் எழுத்தை மாற்றித் தன் மொழியில் கதையை வெளியிடலாம். பாடநூலே இல்லாத பழங்குடி மொழிகளில்கூடக் கதைகள் வந்திருக்கின்றன. பெரிய காரியம், சந்தேகமில்லை. ஆனால் ‘இந்தப் படம் எல்லா மொழிக்கும் போக வேண்டும்’ என்ற எதிர்பார்ப்பு ஓவியரின் கையில் முதல் கோட்டிலேயே உட்கார்ந்துவிடுகிறது.

*

‘பொதுவாக வரைந்தால்தான் எல்லா ஊருக்கும் போகும்’ என்பது உண்மையா? என் வாசிப்பில் அப்படித் தெரியவில்லை.

என் வயதுக்காரர்களுக்கு சோவியத் படநூல்கள் அண்ணன்மார் விட்டுப்போன சொத்து. முன்னேற்றப் பதிப்பகம், ராதுகா என்று மாஸ்கோவில் தமிழிலேயே அச்சாகி, நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் வழியாக வந்தவை. பனிக்கு நம்மிடம் இருப்பது ஒரே சொல். மார்கழி விடியலில் புல் நுனியில் நிற்பதும் பனி, ரஷ்யாவில் கூரை வரை மூடுவதும் பனி. ஆனாலும் குழம்பவில்லை. கதவைத் திறக்க முடியாமல் ஒருவர் மண்வெட்டியோடு நிற்கும் படத்தைப் பார்த்தால் அந்தப் பனி வேறு என்று புரிந்துவிடும். சில படங்களில் கடைப்பலகைகள் ரஷ்ய எழுத்திலேயே இருந்தன. படிக்கத் தெரியாது. ஆனால் ‘இது ஒரு நிஜமான இடம், இங்கே வேறு எழுத்து எழுதுகிறார்கள்’ என்பதை அந்தப் பலகைதான் எனக்குச் சொன்னது. காலிப் பலகை அதைச் சொல்லியிருக்காது.

இன்னொரு உதாரணம் நம் பக்கத்திலேயே இருக்கிறது. மத்தியப் பிரதேசத்தின் பாட்டன்கட் ஊரைச் சேர்ந்த கோண்டு ஓவியர் பஜ்ஜு ஷ்யாம், லண்டனில் ஒரு உணவகச் சுவர்களுக்கு ஓவியம் தீட்டப் போனார். திரும்பி வந்து அவர் வரைந்தவை ‘தி லண்டன் ஜங்கிள் புக்’ என்ற நூலாக 2004-இல் சென்னை தாரா புக்ஸ் வெளியீடாக வந்தன. அதில் பிக் பென் கோபுரம் ஒரு சேவலோடு சேர்ந்திருக்கிறது, இரண்டும் நேரம் சொல்பவை என்பதால். பாதாள ரயில் மண்புழுவாகிறது. அவர் வழக்கமாக ஏறிய 30-ஆம் எண் பஸ் விசுவாசமான நாயாகிறது. மாலை ஆனால் மதுக்கடைகளுக்குக் கிளம்பும் ஆங்கிலேயர்கள் வௌவால்கள்.

எல்லோருக்கும் தெரிந்த லண்டன்தான். சிவப்பு பஸ், கோபுரம், ரயில் என்று சுற்றுலாக் கையேட்டின் அத்தனை ஐகானும் இருக்கின்றன. ஆனால் பார்க்கும் கண் பாட்டன்கட்டின் கண். ஒரு குறிப்பிட்ட ஊரில் வளர்ந்தவர், தன் ஊரின் சேவலையும் மண்புழுவையும் கையோடு எடுத்துப்போய் இன்னொரு ஊரைப் பார்க்கிறார். பொதுக்கண்ணால் வரைந்திருந்தால் அது ஆயிரத்தோராவது லண்டன் புத்தகமாகியிருக்கும். ஊர்க்கண் இருந்ததால்தான் பல நாட்டு வாசகர்களைப் போய்ச் சேர்ந்தது. மாநிலத்துக்கு இரண்டு பக்கம் என்ற வகைப் புத்தகத்தில் இல்லாமல்போவது இந்தக் கண்தான். யார் பார்க்கிறார்கள், எங்கே நின்று பார்க்கிறார்கள் என்ற கேள்விக்கு அங்கே பதிலே கிடையாது.

*

நிலத்தை எப்படிச் சொல்வது என்பதில் தமிழுக்கு நீண்ட பழக்கம் உண்டு. ஆனால் அதையும் நாம் சார்ட்டாக்கிவிட்டோம். ஐந்திணை சார்ட் பார்த்திருப்பீர்கள். ஐந்து பத்தி. தெய்வம், மக்கள், பறவை, மரம், தொழில் என்று வரிசையாகக் கட்டங்கள். நெய்தல் என்றால் கடல், மீன், புன்னை. ஐந்து மதிப்பெண் கேள்விக்கு அது போதும்.

தொல்காப்பியம் மூன்று பொருள் சொல்கிறது: முதல், கரு, உரி. சார்ட்டில் இருப்பது கருப்பொருளின் பட்டியல் மட்டுமே. முதற்பொருள் என்பது நிலம் மட்டும் கிடையாது. நிலமும் பொழுதும் சேர்ந்ததுதான் முதல். நேரம் சொல்லாமல் நிலம் சொல்ல முடியாது என்பது அதன் கணக்கு. நெய்தலுக்கு எற்பாடு, சாயும் பொழுது. அந்த நேரத்துக் கடல்தான் நெய்தல். உரிப்பொருள் என்பது அந்த நிலத்தில் அந்த நேரத்தில் ஒரு மனதுக்கு நடப்பது. நெய்தலுக்கு இரங்கல்.

நம் படநூல்கள் கருப்பொருளை எடுத்துக்கொண்டு பொழுதையும் உரியையும் விட்டுவிட்டன. அதனால்தான் அவற்றில் எப்போதும் பகல் பதினொரு மணி. வானம் சுத்தமான நீலம். யாரும் காத்திருப்பதில்லை, யாருக்கும் வியர்ப்பதில்லை. உப்பளம் என்றால் பளிச்சென்று வெள்ளைக் குவியல்கள். விடியும் முன்பே வேலைக்கு வந்து, வெயில் ஏறுவதற்குள் பாத்தியில் உப்பு வாரி முடிக்கப் பார்க்கும் பெண்கள் இல்லை. ஐப்பசியில் மழை இறங்கிவிட்டால் பாத்திகள் எல்லாம் வெறும் தண்ணீராகி வேலையும் கூலியும் நின்றுபோகும் மாதங்கள் இல்லை. இந்தியாவில் குஜராத்துக்கு அடுத்தபடி உப்பு விளைவது தமிழ்நாட்டில், அதில் பெரும்பகுதி தூத்துக்குடியில். அந்தப் பாத்திகளுக்கு ஒரு வருடத்தில் இரண்டு முகம். படநூலில் ஒன்றுதான்.

பொழுது என்பதை இன்னும் நீட்டினால் வரலாறு. ஆஸ்திரேலியாவின் ‘மை பிளேஸ்’ என்ற படநூலை இங்கே சொல்ல வேண்டும். எழுதியவர் நாடியா வீட்லி, படங்கள் டோனா ராலின்ஸ். சிட்னியில் ஒரே இடம். 1988-இல் தொடங்கி, பத்துப் பத்து வருடமாகப் பின்னால் போய் 1788-இல் முடிகிறது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் அந்த இடத்தில் வாழ்ந்த ஒரு குழந்தை பேசுகிறது. தன் கையால் ஒரு வரைபடமும் போட்டுக் காட்டுகிறது. வீடுகள் மாறுகின்றன, சாக்கடை ஓடையாகிறது, பெரிய மரம் மட்டும் நிற்கிறது. தொடக்கத்திலும் முடிவிலும் இருப்பவர்கள் பூர்வகுடிக் குழந்தைகள். வெள்ளையர் குடியேற்றத்தின் இருநூறாவது ஆண்டு விழாவையொட்டி வந்த நூல் இது. விழாவுக்கு வாழ்த்தும் சொல்லாமல், திட்டியும் தீர்க்காமல், இருநூறு வருடத்தையும் ஒரு மரத்தடியில் நிறுத்திவிட்டது.

எங்கள் ஆற்று முகத்துக்கு இந்த வடிவம் எவ்வளவு பொருந்தும் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை. சங்ககாலத்து முத்துத் துறைமுகமான கொற்கை இன்று கடலிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே இருக்கும் சிற்றூர். ஆறு கொண்டுவந்து கொட்டிய வண்டல் கடலைத் தள்ளிவிட்டது. துறை காயலுக்கு நகர்ந்தது. மார்க்கோ போலோ எழுதிய காயில் அதுதான் என்பார்கள். அங்கும் தூர்ந்தபிறகு புன்னைக்காயல், போர்ச்சுகீசியர். அப்புறம் தூத்துக்குடி. கால்டுவெல் 1870-களில் கொற்கையில் தோண்டிப் பார்த்தார். ஒரு ஆறு தன் மண்ணாலேயே தன் துறைமுகத்தை மூடிவிட்டு அடுத்ததுக்கு நகர்ந்துகொண்டே இருந்திருக்கிறது! ஏழு வயதுக் குழந்தைக்கு இதைவிட நல்ல கதை கிடைக்குமா? இந்த வரிசையில் வைத்தால் சிப்பிக்கும் முத்துக்கும் உரிய இடம் கிடைக்கும். ஒரு காலத்தில் இங்கே எடுத்தார்கள், பிறகு நின்றுபோனது என்று. “பின்ன எதுக்குப் போட்ருக்கு” என்ற கேள்விக்கு அப்போது ஒரு பதில் இருக்கும்.

*

பட்டியல் நூல்களில் இன்னொன்றும் விடுபடுகிறது. அது வழி. ஒரு பக்கத்தில் மலை, அடுத்த பக்கத்தில் கடல். மலையிலிருந்து கடலுக்கு எப்படி வந்தோம்? பக்கத்தைப் புரட்டி வந்தோம், வேறு வழி இல்லை.

1941-இல் அமெரிக்காவில் ஹாலிங் சி. ஹாலிங் என்பவர் எழுதி வரைந்த ‘பேடில் டு த சீ’யில் பூர்வகுடிச் சிறுவன் ஒருவன் சிறிய மரப்படகு செதுக்கி, மலைச்சரிவின் பனியில் வைத்துவிடுகிறான். வசந்தத்தில் பனி உருக, படகு ஓடையில் இறங்கி, ஆற்றுக்கும் ஏரிக்கும் போய், நயாகராவில் விழுந்து, நான்கு வருடம் கழித்து அட்லாண்டிக்கை அடைகிறது. இடையில் மரமறுக்கும் ஆலையின் வாளுக்குப் போகப் பார்க்கிறது, யாரோ காப்பாற்றுகிறார்கள். ஒருபக்கம் முழு வண்ணப் படம், எதிர்ப்பக்கம் கதை, அதன் ஓரங்களில் சின்னச் சின்னப் பென்சில் படங்கள்: ஆலை எப்படி வேலை செய்கிறது, சுப்பீரியர் ஏரி எப்படி ஓநாய்த் தலை போல இருக்கிறது என்று. புவியியலை இவ்வளவு நிறைய வைத்த புத்தகத்தில் ‘நாம் இப்போது படிக்கப்போவது’ என்ற தொனி எங்குமே இல்லை. படகுக்கு என்ன ஆகுமோ என்ற பயத்தில் குழந்தை ஐந்து ஏரிகளையும் கற்றுக்கொள்கிறது.

தாமிரபரணி பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் முடிகிறது. மொத்தமே சுமார் 128 கிலோமீட்டர். பிறப்பும் முடிவும் ஒரே மாநிலத்துக்குள். நடுவில் எட்டு அணைக்கட்டுகள், கடைசி ஸ்ரீவைகுண்டம். பாபநாசத்தில் ஒரு பிள்ளை பனம்மட்டைத் தோணி ஒன்றை விட்டால், ஒவ்வொரு அணைக்கட்டிலும் அது முட்டி நிற்கும். யாராவது எடுத்து மறுபக்கம் விட வேண்டும். அல்லது வாய்க்காலில் திரும்பி ஏதோ ஒரு வயலுக்குள் போய்விடும். கோடையில் ஸ்ரீவைகுண்டத்தைத் தாண்டத் தண்ணீர் இருக்காது, மழைக்காகக் காத்திருக்க வேண்டும். அப்படிக் காத்திருந்தாலே ஆற்றுத் தண்ணீர் யாருக்கு எவ்வளவு போகிறது என்பது குழந்தைக்குத் தெரிந்துவிடும். ஏரலும் ஆத்தூரும் அதன்பிறகுதான்.

ஆத்தூர் மருதமா நெய்தலா? திணைமயக்கம் என்று ஒரு சொல் நம்மிடம் இருக்கிறது. இலக்கணத்தில் அதன் வரையறை வேறு. நான் அந்தச் சொல்லை மட்டும் கடன் வாங்கிக்கொள்கிறேன். வெற்றிலைக் கொடிக்காலில் வேலை செய்பவரின் வீட்டில் புன்னைக்காயல் மீன்தான் குழம்பு. வேனிலில் கடல்நீர் ஆற்றில் ஏறினால் கொடிக்காலுக்குக் கவலை. நிலங்கள் ஒன்றையொன்று தொடும் இந்த ஓரங்களில்தான் வாழ்க்கை நடக்கிறது. பக்கத்துக்கு ஒரு நிலம் என்று பிரிக்கும் வடிவத்தில் இந்த ஓரம் இரண்டு பக்கத்துக்கும் நடுவே, தையல் மடிப்புக்குள் போய்விடுகிறது.

*

தமிழில் படிக்கக் கிடைப்பவற்றில் நிலத்தைச் சரியாகத் தொட்டவை, நிலத்தைப் பற்றிய நூல் என்று சொல்லிக்கொள்ளாதவைதான். துலிகா வெளியிட்ட ஜாய் விட்டேக்கரின் ‘காளியும் சாரைப்பாம்பும்’ கதை ஒரு இருளர் சிறுவனைப் பற்றியது. பாம்பு பிடிப்பவரின் மகன் என்பதால் வகுப்பில் ஒதுக்கப்படுகிறான். வகுப்புக்குள்ளேயே ஒரு சாரைப்பாம்பு வந்துவிட, எல்லோரும் மேசைமேல் ஏறிக்கொள்ள, அவன் பிடிக்கிறான். வேலியும் புதரும் வயலும் அவனுக்கு என்ன சொல்லிக்கொடுத்தன என்பது அந்த ஒரு கணத்தில் தெரிகிறது. 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு சந்தியா ராவ் எழுதிய ‘மை ஃபிரண்ட் த சீ’ இன்னொன்று. கடலை நண்பனாக நினைத்த சிறுவன், அது ஊருக்குள் வந்து போனபிறகு அதனோடு எப்படிப் பேசுவது என்று திகைக்கிறான். இரங்கலை உரிப்பொருளாக வைத்தவர்கள் இதைப் படித்தால் தங்கள் திணைதான் என்று கண்டுகொண்டிருப்பார்கள்.

இரண்டிலும் காட்சிக்கு வைத்த நிலம் இல்லை. ஒரு குழந்தைக்கும் அது நிற்கும் மண்ணுக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்பது மட்டும் இருக்கிறது.

இதற்கு வரும் பதில் எனக்குத் தெரியும். “சின்னப் பிள்ளைங்களுக்கு இவ்ளோ வேண்டாம் சார், ஒரு பக்கத்துக்கு ஒரு விஷயம் இருந்தா போதும்.” பதிப்பாளர்கள் சொல்வார்கள், பெற்றோர்களும் சொல்வார்கள். எளிமைக்கு நான் எதிரி கிடையாது. ஜப்பானின் மிட்சுமாசா அன்னோ 1977-இல் கொண்டுவந்த ‘அன்னோவின் பயணம்’ நூலில் ஒரு வார்த்தைகூடக் கிடையாது. குதிரையில் ஒருவர் ஐரோப்பிய ஊர்கள் வழியே போகிறார், அவ்வளவுதான். ஆனால் ஒவ்வொரு பக்கத்திலும் நூறு பேர் ஏதோ வேலையில் இருக்கிறார்கள். நான்கு வயதில் குதிரைக்காரரைத் தேடலாம், நாற்பது வயதிலும் புதிதாக எதையாவது கண்டுபிடிக்கலாம். ஏழு வயதுப் பெண் ஒரே நிமிடத்தில் ‘ஆறு எங்க, யாரு எடுப்பா’ என்று இடத்தையும் தொழிலையும் கேட்டுவிடுகிறாள். அவளுக்குப் புரியாது என்று நாம் முடிவுகட்டுவது நம் வசதிக்காகத்தான்.

செலவு என்ற பதில் இதைவிட நியாயமானது. பன்னிரண்டு மொழியில் விற்றால்தான் வண்ணப் படநூல் கட்டுப்படியாகும் என்றால் பலகைகள் காலியாகத்தான் இருக்கும். ஆனால் தமிழ்நாடு அரசின் வாசிப்பு இயக்கம் ‘நுழை, நட, ஓடு, பற’ என்ற நிலைகளில் சிறு நூல்களை அரசுப் பள்ளிகளுக்குக் கொண்டுபோனது. தமிழில் எழுதி, தமிழ்ப் பிள்ளைகளுக்கே அச்சிடப்படும் நூல்கள். பாரதி புத்தகாலயத்தின் புக்ஸ் ஃபார் சில்ரன் போன்ற வெளியீடுகளும் தமிழ்ச் சந்தைக்குள் நிற்பவை. இங்கே கறுப்புத் தட்டின் கட்டாயம் இல்லை. பஸ்ஸின் நெற்றியில் ‘ஏரல் வழி’ என்று எழுதலாம். டீக்கடைப் பலகையில் கடைக்காரர் பெயரை எழுதலாம். கட்டாயம் போனபிறகும் பழக்கம் போகாமல் நின்றால் செலவைக் காரணம் காட்ட முடியாது.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் ஊர்ப்பெருமை கிடையாது. எங்கள் பக்கத்துப் பிள்ளைகளில் பெரும்பாலோர் படித்து முடித்ததும் வெளியூர் போகிறவர்கள். நானும் அப்படிப் போனவன்தான். போவதில் தப்பில்லை. ஆனால் தேரியில் மணல் அள்ளினால் என்ன ஆகும், கழிமுகத்தில் உப்பு ஏறினால் யாருக்கு நஷ்டம், உப்பளத்து மழைமாதத்தில் ஒரு வீடு எப்படிச் சாப்பிடுகிறது என்ற கேள்விகளைப் பிறகு ஒருநாள் யாரோ கேட்டாக வேண்டும். அந்த நிலத்தைப் பெயர் பெயராகத் தெரிந்தவர்கள்தான் கேட்பார்கள். சிப்பியை மட்டும் பார்த்து வளர்ந்தால், அந்தச் சிப்பி பத்திரமாக இருக்கும் வரை எல்லாம் சரியாக இருப்பதாகவே தோன்றும். அச்சில் அது எப்போதும் பத்திரமாகத்தான் இருக்கும்.

அடுத்த முறை நாட்டையோ மாவட்டத்தையோ பற்றிய படநூல் ஒன்று கையில் கிடைத்தால் மூன்றே விஷயம் பாருங்கள். படத்தில் இப்போது மணி என்ன என்று சொல்ல முடிகிறதா? இந்தப் பக்கத்திலிருந்து அடுத்த பக்கத்துக்கு நடந்தோ பஸ்ஸிலோ போக வழி இருக்கிறதா? கடைப்பலகையில் ஏதாவது எழுதியிருக்கிறதா? மூன்றில் ஒன்று இருந்தாலும் வாங்கிக் கொடுங்கள். ஒன்றுமே இல்லையென்றால், ஒரு கறுப்புப் பேனாவும் சேர்த்து வாங்கிக் கொடுங்கள். பலகைகள் காலியாகத்தானே இருக்கின்றன, பிள்ளைகள் எழுதிக்கொள்ளட்டும்.